பாக்தாத் சண்டையும் சைதாப்பேட்டைப் பாலமும்

சில மாதங்களுக்கு முன் நமது சங்க நூலகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். உதுமானியத் துருக்கியரைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை மேசையில் விரித்துக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த நண்பர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், சோழன் இருக்கான், பாண்டியன் இருக்கான். துருக்கிக்காரனும் பாரசீகக்காரனும் போட்டுக்கிட்ட சண்டை நமக்கெதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, அந்த நண்பருக்கு வைத்த பாக்கியை இங்கே தீர்த்துவிடலாம் என்று தோன்றியது.

நான் வளர்ந்தது சைதாப்பேட்டையில். அடையாற்றின் மேல் இருந்த பழைய பாலத்தைப் பெரியவர்கள் 'மர்மலாங் பாலம்' என்பார்கள். (மாம்பலம் என்ற பெயர்தான் வெள்ளைக்காரன் வாயில் மர்மலாங் ஆயிற்று.) பிறகு அங்கே அகலமான புதுப் பாலம் வந்து மறைமலை அடிகள் பெயரைப் பெற்றது. பழைய பாலத்தை யார் கட்டினார்கள் என்று நான் அன்று கேட்டதில்லை. வேலை கிடைத்துக் கல்கத்தா வந்து சேர்ந்தேன். டல்ஹௌசி சதுக்கத்தில் அலுவலகம். மதிய இடைவேளையில் படாபஜார் பக்கம் நடந்து போகும்போது ஒரு நாள், 1724ல் கட்டிய அர்மீனியத் தேவாலயத்துக்குள் நுழைந்தேன். முற்றம் முழுக்கப் புரியாத எழுத்தில் கல்லறைக் கற்கள். "இவங்க எல்லாம் எந்த ஊர்?" என்று காவலாளியிடம் அரைகுறை வங்காளியில் கேட்டேன். "ஜுல்ஃபா" என்றார். பல வருஷம் கழித்து, மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் ஒரு ஜுல்ஃபாக்காரர் என்று படித்தேன். பாரசீகத்து ஊர்க்காரர்கள் சைதாப்பேட்டைக்கும் படாபஜாருக்கும் வந்தது எதனால்? அதைத் தேடிப் போனபோதுதான் இந்தச் சண்டைக் கதை முழுதும் என் கைக்கு வந்தது.

பக்கத்து வீட்டுப் பகை

1453ல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த பிறகு உதுமானியர் ஐரோப்பாவை நோக்கியே வளர்ந்தார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த கதை. கிழக்கிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1473ல் சுல்தான் இரண்டாம் மெஹ்மது, ஒட்லுக்பெலி என்ற இடத்தில் உசூன் ஹசன் என்ற துருக்மானிய அரசரைப் பீரங்கிகளின் துணையோடு தோற்கடித்தார். அந்த உசூன் ஹசனின் மகள் வயிற்றுப் பேரன்தான் இஸ்மாயில். அர்தபீல் நகரத்து சூஃபி மரபு ஒன்றின் குருபீடத்துக்கு வாரிசு. 1501ல், பதினான்கு வயதில், தப்ரீஸ் நகரைப் பிடித்து ஷா என்று முடிசூடிக்கொண்டார். பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷியா நெறியே இனி நாட்டின் சமயம் என்று அறிவித்தார். சபாவித் அரசு இப்படிப் பிறந்தது.

இஸ்மாயிலுக்குப் படையாக நின்றவர்கள் துருக்மானியக் குலத்தார். பன்னிரண்டு மடிப்புள்ள சிவப்புத் தொப்பி அணிந்ததால் 'கிசில்பாஷ்', அதாவது செந்தலையர், என்று பெயர். இவர்களுடைய உற்றார் உறவினர் பெரும் எண்ணிக்கையில் அனதோலியாவில், உதுமானியர் ஆட்சிக்குள்ளேயே இருந்தார்கள். வரிக்காரர் மேல் கோபம் கொண்ட மேய்ச்சல் குலங்களுக்கு, கிழக்கே ஒரு இளம் ஷா, தங்கள் குருவே அரசர் என்பது பெரிய ஈர்ப்பு. 1511ல் ஷாகுலு என்பவர் தலைமையில் அனதோலியாவில் பெருங்கலகம் மூண்டது. அதை அடக்கப் போன முதலமைச்சர் அலி பாஷாவே உயிரிழந்தார். மறுவருஷம் தந்தையை இறக்கிவிட்டு அரியணை ஏறிய சுல்தான் செலீம், எல்லைக்கு அப்பால் இருக்கும் ஷாவை எதிரியாகப் பார்த்ததற்குக் காரணம், தம் எல்லைக்கு உள்ளே இருந்த அந்தச் சிவப்புத் தொப்பிகள்தான்.

இதைச் சன்னி - ஷியா சண்டை என்று ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம். சமயம் இல்லாமல் இல்லை. இரு பக்கமும் மார்க்கத் தீர்ப்புகளைக் காட்டித்தான் படை நடத்தினார்கள். ஆனால் துருக்கியர் - பாரசீகர் சண்டை என்று மொழிவாரியாகப் பிரிக்கப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. பாரசீகத்தின் ஷா இஸ்மாயில் 'கதாயி' என்ற புனைபெயரில் கவிதை எழுதியது பெரும்பாலும் துருக்கியில். துருக்கியின் சுல்தான் செலீம் கவிதை எழுதியது பாரசீகத்தில்! ஒருவர் மொழியில் மற்றவர் கவிதை செய்துகொண்டே ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கப் பார்த்தார்கள்.

சால்டிரான், 1514

1514 மார்ச்சில் செலீம் கிளம்பினார். முன்னதாக அனதோலியாவின் கிசில்பாஷ் ஆதரவாளர்களைப் பட்டியல் எடுத்து அழித்தார்கள் என்றும், செத்தவர்கள் 40,000 பேர் என்றும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. இன்றைய ஆய்வாளர்கள் அந்த எண்ணை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் கொடுமை நடந்ததில் சந்தேகமில்லை. கூடவே செலீம் ஈரானியப் பட்டு வியாபாரத்துக்கும் தடை போட்டார். ஷாவின் கஜானாவுக்குப் பெரிய வரவு பட்டில்தான். ஆனால் அந்தப் பட்டு வந்து விலைபோன சந்தை உதுமானியரின் புர்சா நகரம். தடையால் அடிபட்டவர்களில் சொந்த நாட்டு வியாபாரிகளும் உண்டு.

ஆகஸ்டு 23ஆம் தேதி, இன்றைய ஈரானின் வடமேற்கு மூலையில் உள்ள சால்டிரான் சமவெளியில் இரு படைகளும் சந்தித்தன. ஐந்து மாதம் நடந்து களைத்த படை செலீமுடையது. அது பீரங்கிகளை வரிசைப்படுத்தும் முன்பே பாய்ந்துவிடலாம் என்று ஷாவின் தளபதிகளில் அனுபவசாலிகள் சொன்னார்களாம். வழிப்பறிக்காரன் மாதிரி ஏன் அடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஷா மறுத்துவிட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விளைவு தெரிந்ததே. சங்கிலியால் பிணைத்த வண்டிகளுக்குப் பின்னால் பீரங்கிகளும், ஜானிசரிகள் என்ற துப்பாக்கிக் காலாட்படையும். எதிரே, உலகின் மிகச் சிறந்த குதிரைப்படைகளில் ஒன்று. குதிரைப்படை சிதறியது. ஷா காயத்தோடு தப்பினார்.

செப்டம்பரில் செலீம் தப்ரீசுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் ஒரு வாரம் போலத்தான் தங்க முடிந்தது! குளிர்காலத்தை அங்கே கழிக்க ஜானிசரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. தப்ரீசின் கைவினைஞர்களைக் கூட்டிக்கொண்டு சுல்தான் திரும்ப வேண்டியதாயிற்று. அனதோலியாவின் கிழக்குப் பகுதி உதுமானியர் கையில் நிலைத்தது. ஆனால் பாரசீகம் கைக்கு வரவில்லை. ஷா இஸ்மாயில் அதன் பிறகு 1524ல் இறக்கும் வரை போர்க்களத்தில் படை நடத்தவில்லை.

சால்டிரானின் எதிரொலி நம் பக்கத்திலும் கேட்டது. 1526 ஏப்ரலில் பானிபட்டில் இப்ராகிம் லோடியை எதிர்த்த பாபர், 700 வண்டிகளை 'ரூமி' முறைப்படி, அதாவது துருக்கியர் வழக்கப்படி, தோல் கயிற்றால் பிணைத்து வைத்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். சால்டிரான் முடிந்து பன்னிரண்டு வருஷம்கூட நிறையவில்லை. போர்முறை அவ்வளவு வேகமாகப் பயணம் செய்திருக்கிறது.

ஜெயித்தும் கைக்கு வராத நாடு

செலீமின் மகன் சுலைமான் மூன்று முறை பெரும் படையோடு கிழக்கே போனார். ஷா இஸ்மாயிலின் மகன் தஹ்மாஸ்ப், தந்தை செய்த தவறைச் செய்யவே இல்லை. நேருக்கு நேர் நிற்க மாட்டார். துருக்கியர் வரும் வழியில் இருக்கும் பயிரைக் கொளுத்தி, கிணறுகளைத் தூர்த்து, ஜனங்களையும் மாடுகன்றுகளையும் உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வந்த படை வெறும் சாம்பலைப் பிடிக்கும். பிறகு பனி விழும். திரும்பிப் போகும் படையின் வாலைப் பிடித்து அடிப்பார்.

கோழைத்தனம் என்று அன்றைக்கே ஏசினார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இஸ்தான்புல்லிலிருந்து வசந்தத்தில் புறப்பட்டால் கோடை முடியும்போதுதான் எல்லைக்கு வந்து சேர முடியும். மலைப்பாதையில் பீரங்கியை இழுக்க வேண்டும். குதிரைக்குப் புல்லும் மனிதனுக்கு மாவும் வழியெல்லாம் வேண்டும். சண்டை போடக் கிடைப்பது சில வாரங்கள்தான். தப்ரீசை உதுமானியர் 1514, 1534, 1535, 1548 என்று திரும்பத் திரும்பப் பிடித்தார்கள். திரும்பத் திரும்ப விட்டுவிட்டுப் போனார்கள். 1534ல் பிடித்த பாக்தாத் மட்டும் கையில் நின்றது. அதற்குப் படகில் ஆற்றுவழியே உணவு வரும், குளிரும் அவ்வளவு இல்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. சுல்தானுக்கு மேற்கே ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசர்கள் என்ற எதிரி. 1533ல் அவர்களோடு சமாதானம் ஆன பிறகே 1534ல் கிழக்கே வந்தார். 1547ல் மறுபடி அங்கே உடன்படிக்கை, 1548ல் இங்கே படையெடுப்பு. ஷாவுக்கும் இதே தலைவலிதான். அவருக்குப் பின்புறம் உஸ்பெக்குகள். ஆக இரண்டு பேருமே ஒரு கையால் சண்டை போட்டவர்கள். எந்தக் கை எப்போது ஓய்வாக இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானித்தது. இந்த நூற்றைம்பது வருஷக் கதைக்கு நான் கண்ட சாவி இதுதான்.

1555 மே மாதம் அமாசியாவில் முதல் உடன்படிக்கை கையெழுத்தானது. பாக்தாத் உள்ளிட்ட ஈராக் சுல்தானுக்கு. தப்ரீசும் அதைச் சுற்றிய அசர்பைஜானும் ஷாவுக்கு. ஜார்ஜியாவும் அர்மீனியாவும் பாகம் பிரிந்தன. பாரசீக யாத்திரிகர்கள் மெக்காவுக்கும் கர்பலாவுக்கும் போய்வரலாம் என்று சுல்தான் ஒப்புக்கொண்டார். அண்ணன் தம்பி சொத்தைப் பிரித்துக்கொண்ட மாதிரி முடிந்தது.

மறுபடியும்

சொத்துப் பிரிவினை எங்கே நிலைத்தது? தஹ்மாஸ்ப் இறந்த பிறகு பாரசீகத்தில் குழப்பம். 1578ல் உதுமானியர் மறுபடி படையெடுத்தார்கள். 1585ல் தப்ரீசைப் பிடித்து இந்த முறை விடாமல் உட்கார்ந்தார்கள். 1587ல் பட்டத்துக்கு வந்த ஷா அப்பாஸ், 1590ல் தப்ரீஸ், ஜார்ஜியா எல்லாவற்றையும் கொடுத்துச் சமாதானம் வாங்கினார். அவமானம்தான். ஆனால் அந்த அவகாசத்தில் உஸ்பெக்குகளை விரட்டி 1598ல் ஹெராத்தை மீட்டார். தலைநகரை உள்நாட்டில் இஸ்பஹானுக்கு மாற்றினார். கிசில்பாஷ் குலத்தலைவர்களின் பிடியைத் தளர்த்த, ஜார்ஜிய, அர்மீனிய, சர்க்காசிய வம்சத்து 'குலாம்'களைக் கொண்டு தனக்கே கட்டுப்பட்ட படை ஒன்றை உருவாக்கினார். பீரங்கியும் துப்பாக்கியும் சேர்ந்தன.

1593லிருந்து உதுமானியர் ஹங்கேரியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். உள்நாட்டிலும் கலகம். அப்பாஸ் 1603ல் அடித்தார். தப்ரீஸ் சில வாரங்களில் விழுந்தது. 1605ல் சூஃபியான் அருகே நடந்த போரில் உதுமானியப் பெரும்படை தோற்றது. 1612 உடன்படிக்கையில் 1555ன் எல்லைக்கே திரும்பினார்கள். ஷா வருஷத்துக்கு 200 பொதி பட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து. 1618ல் அது 100 பொதியாகக் குறைந்தது.

ஜுல்ஃபா

ராஜாக்கள் கதை இதுவரை. இனி என் கதாநாயகர்கள்.

அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்ஃபா என்று ஓர் அர்மீனிய ஊர். பட்டு வியாபாரத்தில் செழித்த ஊர். 1604ல் அப்பாஸ் யெரவான் பக்கம் இருந்தபோது, சினான் பாஷாவின் தலைமையில் உதுமானியப் படை வருவதாகச் செய்தி வந்தது. அப்பாஸ் தன் பாட்டனார் தஹ்மாஸ்பின் பழைய வித்தையை எடுத்தார்: எதிரிக்கு எதையும் விட்டுவைக்காதே. இம்முறை பயிரோடு நிற்கவில்லை. அந்தப் பிரதேசத்து அர்மீனியர் முழுதையுமே பெயர்த்து எடுத்துக்கொண்டு போக உத்தரவானது.

குளிர் தொடங்கும் காலம். அராஸ் ஆற்றில் வெள்ளம். படகு போதவில்லை. பின்னால் சிப்பாய்கள் தடியும் வாளுமாக நெருக்குகிறார்கள். ஏராளமானோர் ஆற்றிலேயே மூழ்கினார்கள். தப்ரீசைச் சேர்ந்த அராகெல் என்ற அர்மீனியப் பாதிரியார் இதையெல்லாம் எழுதி வைத்தார். அவருடைய வரலாற்று நூல் 1669ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. இரு அரசவை வரலாற்றாசிரியர்களும் தத்தம் மன்னருடைய வெற்றியை ஏடு ஏடாக எழுதியிருக்கிறார்கள். ஆற்றைக் கடந்த கிழவியையும் கைக்குழந்தையையும் எழுதியவர் அராகெல்தான். ஜுல்ஃபாக்காரர்களுக்கு மட்டும் சற்றுச் சலுகை. வியாபாரிகள் ஆயிற்றே, ஷாவுக்குத் தேவை. அவர்கள் கிளம்பியதும் ஊருக்குத் தீ வைத்தார்கள். திரும்பி வர நினைக்கக் கூடாது அல்லவா?

இஸ்பஹானில் ஆற்றுக்குத் தென்கரையில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. வந்தவர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயர்: புது ஜுல்ஃபா. ஷா அவர்களுக்குத் தேவாலயம் கட்டிக்கொள்ள அனுமதி தந்தார். தங்கள் தலைவரின் கீழ் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொள்ள விட்டார். ஏற்றுமதிப் பட்டையும் பெரும்பாலும் அவர்கள் கையில் கொடுத்தார். ஊரை எரித்தவரும் அவரே, வாழ வைத்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்; ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் அது வரலாறு ஆகாது. 1638ல் புது ஜுல்ஃபாவில் அச்சான சங்கீதப் புத்தகம்தான் ஈரானில் அச்சான முதல் நூல். நாளடைவில் வெனிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரத், சென்னை, மணிலா என்று அவர்கள் கடைகண்ணி பரவியது.

முடிவு எல்லையில்

அதே 1638ல் பாக்தாதில் வேறு காட்சி. 1624ல் அப்பாஸ் பாக்தாதைப் பிடித்திருந்தார். அதை மீட்க உதுமானியர் இரண்டு முறை முயன்று தோற்றார்கள். மூன்றாவது முறை சுல்தான் நான்காம் முராத் தாமே வந்தார். நவம்பர் நடுவில் தொடங்கிய முற்றுகை டிசம்பர் 25ல் முடிந்தது. முதலமைச்சர் தய்யார் மெஹ்மது பாஷா மதிலடியில் செத்தார். நகருக்குள் பெரும் படுகொலை நடந்தது. அந்த வெற்றிக்கு நினைவாக முராத் கட்டிய 'பாக்தாத் மண்டபம்' இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் இன்றும் நிற்கிறது. நீல ஓடு பதித்த அழகான கட்டடம்.

1639 மே 17ல் சுஹாப் உடன்படிக்கை. ஈராக் சுல்தானுக்கு; தப்ரீசும் யெரவானும் ஷாவுக்கு. கிட்டத்தட்ட 1555ல் அமாசியாவில் போட்ட அதே கோடு! இடையில் 84 வருஷம். எத்தனை ஊர், எத்தனை உயிர்? கோடு மட்டும் அதே இடத்தில்.

அந்த எல்லை அன்றிலிருந்து அசையவே இல்லை என்று சில புத்தகங்களில் பார்க்கலாம். அது சரியல்ல. சுஹாபில் ஊர், கோட்டை, குலங்களின் பெயரைச் சொல்லிப் பிரித்தார்களே தவிர, நிலத்தில் கல் நடவில்லை. 1722ல் ஆப்கானியர் இஸ்பஹானைப் பிடித்ததும் உதுமானியர் மறுபடி உள்ளே வந்தார்கள். அவர்களை விரட்டிய நாதிர்தான் பின்னர் 1739ல் தில்லியைச் சூறையாடிய நாதிர் ஷா. 1746ல் அவர் செய்த உடன்படிக்கையும் 1639ன் கோட்டுக்கே போனது. 1823லும் 1847லும் எர்சுரூமில் மேலும் இரண்டு உடன்படிக்கைகள். உண்மையில் எல்லைக்கல் நட்டது 1913-14ல், பிரிட்டிஷ், ரஷ்ய அதிகாரிகள் கூட இருந்தபோதுதான். அதற்குப் பிறகும் ஷத்-அல்-அரபு ஆற்றின் எல்லைத் தகராறு தீரவில்லை. 1980ல் ஈரானும் ஈராக்கும் எட்டு வருஷப் போரில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாலம்

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். புது ஜுல்ஃபாவில் பிறந்த கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற வணிகர் 1720களில் சென்னையில் வந்து குடியேறினார். 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் உபயம்தான். சென்னையில் அரண்மனைக்காரன் தெரு என்று நாம் சொல்கிறோமே, அது அர்மீனியன் தெரு. 1794ல் உலகின் முதல் அர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' வெளிவந்ததும் சென்னையிலிருந்துதான்.

உஸ்கான் 1751ல் இறந்தார். உடல் வேப்பேரியில் அடக்கமானது. ஆனால் இதயத்தை மட்டும் எடுத்துப் போய்ச் சொந்த ஊரில் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே அது ஜுல்ஃபாவுக்குப் போயிற்று என்று எழுதியிருக்கிறார்கள்.

எந்த ஜுல்ஃபாவுக்கு? அராஸ் கரையில் இருந்த பழைய ஜுல்ஃபாவுக்கு இல்லை. அவருடைய முன்னோரை அடித்து விரட்டிக்கொண்டு வந்து இறக்கிய இஸ்பஹானின் புது ஜுல்ஃபாவுக்கு. நூற்றைம்பது வருஷத்துக்குள் வந்த ஊரே சொந்த ஊர் ஆகியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

நம்மையும் அவர்களையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நாம் சென்னை மெயிலில் டிக்கெட் எடுத்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, உத்தியோகத்துக்காக வந்தவர்கள். யாரும் நம் ஊருக்குத் தீ வைக்கவில்லை. நினைத்தால் பொங்கலுக்குப் போய் வரலாம். ஆனால் போன மாதம் என் பேத்தி பள்ளிப் படிவத்தில் 'சொந்த ஊர்' என்ற இடத்தில் கொல்கத்தா என்று எழுதியிருந்தாள். "சைதாப்பேட்டைன்னு எழுதும்மா" என்றேன். "அது உங்க ஊர் தாத்தா" என்றாள். சண்டை போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

துருக்கிக்காரன் சண்டை நமக்கெதுக்கு என்று கேட்ட நண்பரே, சுல்தானும் ஷாவும் சண்டை போட்டது நமக்காக அல்ல. ஆனால் அவர்கள் பிடுங்கி எறிந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைதான், நானும் என் அப்பாவும் கால் நனையாமல் அடையாற்றைக் கடக்க வழி செய்தவர். அடுத்த முறை சென்னை போனால், சைதாப்பேட்டையில் பஸ் ஆற்றைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் ஜன்னல் வழியே பாருங்கள். அது போதும்.